நோயாளி இல்லாத துறை

மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறையின் நிலை விசித்திரமானது. நாள் முழுக்கச் சிகிச்சையைப் பற்றியே அங்கே பேச்சு. ஆனால் அதற்கென்று ஒரு வார்டு இல்லை, ஒரு படுக்கை இல்லை, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் அதன் வாசலில் நிற்பதும் இல்லை. இரத்த அழுத்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று இரண்டாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லித்தருபவர் ஒருவர்; அதே மாத்திரையைச் சீட்டில் எழுதுபவர் வேறொருவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.டி. படித்து, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படியேறி ஓய்வு பெறும் ஒரு மருந்தியல் ஆசிரியரிடம் சில ஆயிரம் மருத்துவர்கள் படித்திருப்பார்கள். அவர் குடியிருக்கும் தெருவிலோ, 'டாக்டர்தான், ஆனா வைத்தியம் பாக்க மாட்டார்' என்பதோடு அவரைப் பற்றிய அறிமுகம் முடிந்துவிடும்.

இணையம் வந்தபின் இந்தக் கணக்கு கலைந்திருக்கிறது. மருந்தியல் ஆசிரியர்கள் பலர் வகுப்புப் பாடத்தைக் காணொளியாக்குகிறார்கள். சிலர் அதையும் தாண்டி, மெடிக்கல் கடைக்குப் போய் மாத்திரை வாங்கும் சாதாரண மக்களுக்கென்றே எழுதவும் பேசவும் வந்துவிட்டார்கள். இது அவர்களுடைய வேலையில் சேருமா, ஓய்வுநேரப் பொழுதுபோக்கா, அல்லது மருத்துவ ஒழுக்கத்துக்கு ஒவ்வாத சுய விளம்பரமா? கல்லூரிகளுக்குள் மூன்று விதமாகவும் பேசிக்கொள்கிறார்கள். இது வேலையிலேயே சேரும். சொல்லப்போனால், இத்துறையின் பெரியவர்கள் செய்துவந்து நடுவில் கைவிடப்பட்ட வேலை இது என்பது என் கட்சி.

மருந்தியல் தனித்துறையானது 1847-இல். இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று அழைக்கப்படும் நகரம் அப்போது டோர்பாட். அங்கே ருடால்ஃப் புக்ஹைம் தன் வீட்டின் நிலவறையில் சொந்தச் செலவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதுவரை மருத்துவ மாணவர் படித்தது இலை, வேர், உப்பு, தைலம் என்று நீளும் பட்டியலையும், எது எதைப் போக்கும் என்ற மரபுக் குறிப்பையும்தான். புக்ஹைம், ஒரு பொருள் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார். அவருடைய மாணவர் ஓஸ்வால்ட் ஷ்மீடபெர்க் 1872 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பயிற்றுவித்தவர்கள் பல நாடுகளுக்குப் பேராசிரியர்களாகப் போனார்கள். துறைக்கு வார்டு அமையாமல் போனதன் காரணம் இங்கேயே இருக்கிறது: அது பிறந்ததே ஆய்வுக்கூடத்தில்.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரான ராம்நாத் சோப்ரா, நாட்டு மூலிகைகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததற்காக நினைக்கப்படுபவர். அவர் அதோடு நிற்கவில்லை. 1930-31இல் அவர் தலைமையில் இயங்கிய மருந்து விசாரணைக் குழு, அன்றைய சந்தையில் புழங்கிய கலப்பட மருந்துகளையும் தரமற்ற மருந்துகளையும் பற்றி விசாரித்து அறிக்கை தந்தது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு அதுவே அடித்தளம். இன்று மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் 'ஷெட்யூல் எச்' எச்சரிக்கை அந்தச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகளிலிருந்து வருகிறது.

இலங்கையின் சேனக பிபிலே இன்னும் துணிச்சலானவர். அந்நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. பல மருந்துகளுக்கிடையே எதை, எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தந்த அதே தேர்வை, நாடு முழுவதற்குமாகச் செய்ய வேண்டும் என்றார் அவர். மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ்.ஏ. விக்ரமசிங்கவுடன் சேர்ந்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. புழக்கத்திலிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டன. கம்பெனிப் பெயர்களை விட்டு மூலப்பெயரில் மருந்து வாங்கும் வழக்கம் வந்தது. கம்பெனிகள் எதிர்த்தன; மருத்துவர்களிலும் ஒரு சாரார் எதிர்த்தனர். 1977-இல் கயானாவில் ஐ.நா. பணியிலிருந்தபோது பிபிலே இறந்துபோனார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தேர்ந்தெடுத்த மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும் இதே சிந்தனையின் இன்னொரு கிளை.

சோப்ராவுக்கும் பிபிலேவுக்கும் வார்டு இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை. படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியைவிட, மருந்து வாங்கும் ஊர் முழுவதும் அவர்களுடைய கவனத்தில் இருந்தது.

பின்வந்த காலத்தில் துறை சுவருக்குள் ஒடுங்கிக்கொண்டது. ஐம்பது வயதைத் தாண்டிய மருத்துவர்களிடம் மருந்தியல் வகுப்பைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய உருளை, அதில் தவளையின் இதயம் கீறிய கோடு, மயக்கமருந்து ஏற்றிய நாயின் இரத்த அழுத்தம் என்றுதான் நினைவுகூர்வார்கள். இன்னொரு மேசையில் களிம்பு குழைத்ததும் கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் கலக்கியதும் ஞாபகம் வரும். அந்த மிக்ஸ்சரை அதற்குப் பிறகு வாழ்நாளில் யாருக்கும் அவர்கள் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். விலங்குச் சோதனைகளைக் கணினித் திரையில் நடத்திக்காட்டும் எக்ஸ்ஃபார்ம் மென்பொருளைப் புதுச்சேரி ஜிப்மரில் ஆர். ரவீந்திரன் உருவாக்கினார். 2014-இல் இந்திய மருத்துவக் கவுன்சில், இளநிலை மாணவர் பயிற்சியில் விலங்குகளுக்குப் பதில் இத்தகைய கணினிவழிப் பாடங்களைப் பயன்படுத்தும்படி விதியைத் திருத்தியது.

உண்மையான திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துச்சீட்டைச் சரியாக எழுதுவதற்கான சிறிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகர மருந்தியல் ஆசிரியர்களின் பாடமுறையிலிருந்து எழுந்த நூல் அது. நோயாளியின் பிரச்சினை இன்னதென்று வரையறுப்பது, எதைச் சாதிக்கப்போகிறோம் என்று முடிவுசெய்வது, அதற்கு நாம் கைவசம் வைத்திருக்கும் மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது, சிகிச்சையைத் தொடங்குவது, விளக்கிச் சொல்லி எச்சரிப்பது, பலனைக் கண்காணித்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது என ஆறு படிகள். ஐந்தாவது படி ஒரு சடங்காக அந்நூலில் வரவில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான வேலையாக வருகிறது. இந்தியாவில் 2019-இல் வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் அந்த ஐந்தாம் படியைப் பாடமாகவே ஆக்கிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் காட்டி விளக்க வேண்டும். மருந்தை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல வேண்டும். நாள்பட்ட நோயாளியை இடையில் விட்டுவிடாமல் மாத்திரை சாப்பிடச் செய்ய வேண்டும். விலை கட்டுப்படியாகாவிட்டால் சிகிச்சை என்னவாகும் என்று பேச வேண்டும். இப்படியாக, நோயாளியோடு பேசும் முறையைச் சொல்லித்தரும் பொறுப்பு நோயாளியே இல்லாத துறையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பல கல்லூரிகளில் சக மாணவர் ஒருவரே நோயாளியாக நடித்துக் கொடுக்கிறார்.

இந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டுமே. எம்.டி. மருந்தியல் பெரும்பாலோருக்கு முதல் விருப்பமாக இருப்பதில்லை. கலந்தாய்வின் கடைசிச் சுற்றுவரை நிரம்பாமல் கிடக்கும் இடங்களில் உடற்கூறியல், மருந்தியல் போன்ற துறைகளின் இடங்களே அதிகம். 2023-இல் முதுநிலை நீட் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்க நேர்ந்தது அந்தக் காலியிடங்களை நிரப்பத்தான். எம்.எஸ்சி., பிஎச்.டி. படித்த, மருத்துவரல்லாத ஆசிரியர்களுக்கு, மருத்துவக் கல்லூரிகளுக்கான 2020 விதிகள் மருந்தியலின் கதவை அடைத்தன. 2025-இல் அதே கதவு திரும்பத் திறந்தது. இதற்கிடையே மருந்துக் கம்பெனிகளும், மருந்துச் சோதனைகள் நடத்தும் நிறுவனங்களும், பக்கவிளைவு அறிக்கைகளைத் தொகுக்கும் அலுவலகங்களும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னையிலிருந்து கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகின்றன.

இருந்து தாக்குப்பிடிப்பவர் பதவி உயர்வுக்குக் காட்ட வேண்டியவை பணிக்காலம், ஆய்வுக் கட்டுரைகள், கட்டாயப் பயிற்சிகள். அந்தப் பயிற்சிகளில் ஒன்று சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியே நடத்தும் ஆராய்ச்சி முறை வகுப்பு, நல்ல வகுப்பும்கூட. ஆக, ஆசிரியர் இணையத்தில் கற்றுக்கொண்டது அவருடைய தகுதிப் பட்டியலில் ஏறுகிறது. அவர் இணையத்தில் ஊருக்குக் கற்பித்ததை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. எலிகளுக்குச் சாறு கொடுத்துப் பார்த்த நூற்றியோராவது கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. மாவட்டம் முழுக்கப் பார்த்துத் தெளிவுபெற்ற ஒரு பாடத்துக்குக் கிடையாது. இந்தத் தராசு மாறாதவரை, பொதுமக்களுக்கான மருந்துக் கல்வி ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே இருக்கும்.

துறைக்கும் வெளியுலகுக்கும் இடையே ஒரு பாலம் ஏற்கெனவே உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கி, மறு ஆண்டு காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தகநூல் ஆணையத்தின் பொறுப்புக்கு மாறியது. மருந்தின் தீய விளைவுகளைப் பதிவுசெய்யும் அதன் மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில், மருந்தியல் துறையின் கையில் இருக்கின்றன. மருத்துவர் மட்டுமல்ல, மாத்திரை சாப்பிட்டவரே தகவல் தரலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது: 1800-180-3024. 'அந்த மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு' என்று திண்ணையில் சொல்லப்படுவது ஆயிரம் என்றால், படிவத்தில் ஏறுவது சொற்பம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மக்களோடு தொடர்ந்து பேசும் ஒரு மருந்தியல் துறைக்கு இந்தப் படிவங்கள் தாமாக வந்து சேரும் என்பது என் ஊகம்.

தகவல் வீட்டுக்கு வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, லேபிளிலும் அப்படி அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப். தமிழ்நாடு அரசின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்தது தெரியவந்தது. 1937-இல் அமெரிக்காவில் இதே கரைப்பானில் கலந்த சல்ஃபானிலமைடு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை எல்லா மருந்தியல் மாணவரும் படிக்கிறார்கள். சிந்த்வாரா மரணங்கள் தயாரிப்பிலும் கண்காணிப்பிலும் நேர்ந்த குற்றம். எந்தக் காணொளியும் அந்த நஞ்சைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டிலின் லேபிளில் இருந்தது இதே குளோர்ஃபெனிரமின், ஃபீனைலெஃப்ரின் கூட்டு, பாரசிட்டமாலோடு. 2023 உத்தரவு தாய்மார்களின் காதுக்குப் போயிருந்தால், நான்கு வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பாட்டிலே திறக்கப்பட்டிருக்காது. உத்தரவு கோப்பில் இருந்தது, பாடநூல் அலமாரியில் இருந்தது, சிரப் சமையலறையில் இருந்தது.

தகவலைக் கொண்டுசேர்த்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகும் என்று எச்சரித்தது. பொய்யில்லை: 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வரும். ஆனால் செய்தித்தாள்களில் 'இரண்டு மடங்கு' மட்டுமே நின்றது. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகக் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. கருவுறுவதே அந்த மாத்திரையைவிட அதிகமாக இரத்தம் உறைய வைக்கும் என்பது அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போனது.

இன்னொன்று ஸ்டாட்டின். பக்கவிளைவு தாங்காமல் கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்ட 60 பேரை வைத்து லண்டனில் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், அவர்களுக்கு ஒரு மாதம் உண்மையான மாத்திரை, ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரையால் வந்ததாக அவர்கள் உணர்ந்த தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது. தொல்லை பொய்யல்ல, அதன் காரணம்தான் வேறு. 'இந்த மாத்திரையின் பத்து ஆபத்துகள்' என்று தலைப்பிட்டு அடுக்கும் காணொளிகள் செய்வது என்ன என்பதை இந்த ஆய்வை வைத்து யோசிக்கலாம். பக்கவிளைவுப் பட்டியலை ஒப்பிப்பது மருந்துக் கல்வியில் மிக எளிய பகுதி. மிகத் தீங்கான பகுதியும் அதுவாகிவிடக்கூடும்.

மருந்தியல் ஆசிரியரின் வகுப்பறைப் பழக்கம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். எந்த மருந்தையும் அவர் தனியாகப் பேசிப் பழகியவரில்லை. எதோடு ஒப்பிட்டால், எந்த அளவில், யாருக்கு என்று கேட்டே பழகியவர். ஐரோப்பிய மருந்துத் தாள்களில் 'பொதுவாக ஏற்படும்' என்று ஒரு விளைவு குறிக்கப்பட்டிருந்தால் நூற்றில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்று பொருள் என அவருக்குத் தெரியும். படிப்பவரோ நூற்றில் பாதிப் பேர் என்று நினைத்துக்கொள்வார். இந்த இடைவெளியை நிரப்ப அழகான முகமும் பின்னணி இசையும் தேவையில்லை. கேள்விகளும் உள்ளூரிலிருந்தே வரும். 'இந்த மாத்திரை சூடா?' என்று கேட்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூலக்கூறு விளக்கம் கொடுப்பவர் அந்த நிமிடமே தோற்றுவிடுகிறார். வாய்ப்புண்ணோ, வயிற்றெரிச்சலோ, மஞ்சள் நிறச் சிறுநீரோ, எதை அவர் சூடு என்கிறார் என்று கேட்டால், நான்கில் மூன்று தடவை பேச வேண்டிய உண்மையான விஷயம் ஒன்று அகப்படும். மெடிக்கலில் பிரித்துக் கொடுக்கும் 'செட்' மாத்திரைக்குள் ஸ்டீராய்டு இருக்கலாம் என்பதும், அட்டையின் இடப்பக்கச் சிவப்புக் கோட்டுக்கு மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம் என்பதும் இன்னும் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கோட்டைப் பற்றி மத்திய அரசு 2016-இலேயே பிரச்சாரம் நடத்தியது.

மொழி ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ்வழியில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1875-இல் வந்த 'கெமிஸ்தம்' உள்படப் பல நூல்களைத் தமிழில் தந்தார். அவருக்கு ஆள்பலம் இன்றைய ஒரு கல்லூரித் துறையைவிடக் குறைவு.

நம்பத்தகுந்த சுகாதாரத் தகவலை எப்படி அடையாளம் காண்பது என்ற முயற்சிகளுக்கும் வயதாகிவிட்டது. ஜெனீவாவிலிருந்து 1990-களில் தொடங்கிய ஹான்கோட் என்ற முத்திரை, எழுதியவர் யார், ஆதாரம் எது, பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு இணையதளங்களுக்குச் சான்று வழங்கியது. 2022-இல் அது நிறுத்தப்பட்டது. மக்கள் தளங்களைத் தேடிப் போவதை விட்டு முகங்களைப் பின்தொடரத் தொடங்கியபின், தளத்துக்கு ஒட்டிய முத்திரைக்கு வேலை குறைந்துபோனது. இந்தியாவில் 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த ஒழுக்க விதிகளில் சமூக ஊடகத்துக்கென்று தனிப்பகுதி இருந்தது. மூலப்பெயரில் மருந்து எழுதுவது குறித்த எதிர்ப்பால் அந்த மாதமே மொத்த விதிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. அதே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களும் மருத்துவர்களும் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. இவற்றைவிட உருப்படியான எல்லைக்கோடு 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டியில் இருக்கிறது. சுகாதாரக் கல்வி, தனிநபர் ஆலோசனை, மருந்து எழுதுவது என்று மூன்றையும் அது பிரித்து வைக்கிறது. பொதுவெளியில் பேசும் மருந்தியல் ஆசிரியர் முதலாவதோடு நின்றுகொள்ள வேண்டும். 'எனக்குச் சர்க்கரை 240, மெட்ஃபார்மின் கூட்டலாமா சார்?' என்று கீழே வரும் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அவர் கோட்டைத் தாண்டிவிட்டார்.

மருத்துவமனைப் பக்கத்து சகாக்கள் சொல்லும் ஆட்சேபணை ஒன்றில் நியாயம் உண்டு. நோயாளியைப் பார்க்காதவருக்கு, வயலில் நிற்கும் கூலியாள் பகல் இரண்டு மணி மாத்திரையை ஏன் தவறவிடுகிறார் என்பது தெரியாது. ஆகவே பொதுமக்களுக்கான பாடத்தை மருந்தியல் துறை தனியாக எழுதக் கூடாது. மருந்தாளுநரும் கிராமச் செவிலியரும் பக்கத்தில் உட்கார வேண்டும். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களுக்குத் தெரிந்த காரணங்கள் எந்த மருந்தியல் நூலிலும் இல்லை. மறுபக்கம், அந்த சகாக்களுக்கு இல்லாத ஒரு வசதி மருந்தியல் ஆசிரியருக்கு இருக்கிறது: எந்த மாத்திரை விற்றாலும் அவருக்கு ஆதாயமில்லை. அந்த வசதியை விளம்பர வருமானத்துக்காகவோ கம்பெனிக் கருத்தரங்கின் பயணச்சீட்டுக்காகவோ விட்டுக்கொடுத்தால், பிறகு அவர் பேசுவதற்கு என்ன தனி மதிப்பு?

எஞ்சியிருப்பது பராமரிப்பு. அச்சுப் பாடநூலுக்கு அடுத்த பதிப்பு வரும்; காணொளிக்கு வருவதில்லை. ரானிட்டிடினை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்கு வீட்டுக்கு வீடு இருந்த மாத்திரை. அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. மாசு இருப்பதாக 2019-இல் செய்தி வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியாவின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது எடுக்கப்பட்டது. 2018-இல் ஓர் ஆசிரியர் நேர்மையாகச் செய்த ரானிட்டிடின் பாடம் இன்றும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், அவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருந்தாலும். ஆகவே இந்தப் பாடங்கள் தனிமனிதரின் பெயரில் இல்லாமல் துறையின் பெயரில் இருப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்க வேண்டும். பழையதை நீக்கும் பொறுப்பு பணியிலிருக்கும் ஒருவருடைய கடமைப் பட்டியலில் ஏற வேண்டும். முதுநிலை மாணவர்கள் மாதந்தோறும் நடத்தும் கட்டுரை விவாதத்தில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் புதிதாக ஆளும் வேண்டாம், நிதியும் வேண்டாம். பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தால், அதில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்காமல், கடந்த ஆண்டில் எத்தனை பாடங்களைத் திருத்தினீர்கள், எத்தனையை நீக்கினீர்கள் என்று கேட்கலாம்.